தீவிலிருந்து மலைக்கு: எங்கள் வகுப்பின் பதினொரு பேர்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவின் இரண்டாம் நாள் காலை அமர்வில் ஆற்றப்பட்ட உரை)



விழாக்குழுவினர் எங்கள் வகுப்பிடம் கேட்டது, நாற்பது வயதுக்குப் பின் பெண்களின் ஆரோக்கியம் பற்றி ஓர் உரை. வகுப்பில் ஒரு வைத்தியர் இருக்கிறார் என்பதால் வந்த வேலை இது. கேட்டதைத்தான் பேசப்போகிறோம். ஆனால் அதை 2025 பெப்ரவரியில் நாங்கள் பதினொரு பேர் சிவனொளிபாதமலை ஏறிய கதையாகச் சொல்கிறோம். வெறும் ஆரோக்கியக் குறிப்பு வாசித்தால் பத்தாவது நிமிடத்தில் நீங்கள் மதியச் சாப்பாட்டை நினைக்கத் தொடங்கிவிடுவீர்கள். வாசலில் வரும் வாசனை எங்களுக்கும் அடிக்கிறது.

நம் தீவைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மண், உப்பு, பனை, பெருக்கமரம், கழுதை, காற்று. ஏறுவதற்கு என்று இங்கே எதுவும் இல்லை. கோட்டைச் சுவரில் ஏறி ஏச்சு வாங்கியதுதான் எங்கள் சிறுவயது மலையேற்றம். ஆண்டு ஐந்தில் 'குன்று' என்ற சொல்லை விளக்க ஆசிரியை கரும்பலகையில் படம் வரைந்து காட்டவேண்டியிருந்தது. அப்படிப்பட்ட நாங்கள் 2243 மீற்றர் உயரமான மலை ஒன்றின் உச்சிக்குப் போவது என்று தீர்மானித்ததே முதல் வேடிக்கை.

ஏன் அந்த மலை என்று பலர் கேட்டார்கள். இலங்கையின் மிக உயர்ந்த மலை அது அல்ல. பீதுருதாலகால 2524 மீற்றர். ஆனால் தனித்து, கூராக நிற்பதால் பழைய கால மாலுமிகளின் கண்ணுக்கு முதலில் பட்டது அதுதான். தமிழில் சிவனொளிபாதமலை. சிங்களத்தில் ஸ்ரீபாத, சமனல கந்த. முஸ்லிம் மக்களுக்கு பாவா ஆதம் மலை. உச்சியிலுள்ள பாதச்சுவட்டைப் புனித தோமையாருடன் சேர்த்துச் சொன்ன கிறிஸ்தவர்களும் உண்டு. ஒரே பாறையிலுள்ள ஒரே அடையாளத்துக்கு நாலு சமயத்தவரும் உரிமை கொண்டாடியும், மக்கள் ஒரே படிக்கட்டில்தான் ஏறி இறங்குகிறார்கள். எங்கள் வகுப்பிலும் சமயங்கள் கலந்துதான் இருந்தன. ஆளுக்கொரு கோவிலுக்குப் போகாமல் எல்லோரும் சேர்ந்து போகக்கூடிய இடம் என்றால் இந்த நாட்டில் அதைவிட வேறு எது?

மன்னாருக்கும் அந்த மலைக்கும் உறவும் உண்டு. தலைமன்னாருக்கு அப்பாலுள்ள மணல்திட்டுகளை ஒரு சாரார் இராமர் பாலம் என்கிறார்கள். தேசப்படங்களில் அது ஆதாம் பாலம். நம் தீவிலேயே ஆதம், ஹவ்வா இருவருடைய அடக்கத்தலம் என்று முஸ்லிம் மக்கள் சொல்லும் நீண்ட கல்லறைகள் இருக்கின்றன. ஆக, ஆதாமின் பெயர் மலையுச்சியிலும் இருக்கிறது, நம் வாசலிலும் இருக்கிறது. இடையில் கிடப்பது தெரு மட்டும்.

அந்தத் தெருவில் போன மிகப் பெயர்பெற்ற பயணி இப்னு பதூதா. 1344இல் மாலைதீவிலிருந்து வந்து, நம் கரைக்குத் தெற்கே புத்தளம் பக்கத்தில் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தார். அரசர் முன்னால் முத்துக்கள் குவிந்திருந்தனவாம். நம் கடலின் முத்துத்தான். என்ன வேண்டும் என்று அரசர் கேட்க, ஆதமின் பாதத்தைப் பார்க்கவேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்றார் பயணி. தமிழ் அரசர் அந்த முஸ்லிம் பயணிக்குப் பல்லக்கும், வருடாவருடம் மலைக்குப் போய்வந்த யோகிகளும், பிராமணரும், சுமை தூக்குவோரும் கொடுத்து அனுப்பிவைத்தார். மலைக்கு இரண்டு வழி உண்டு என்று அவர் எழுதிவைத்திருக்கிறார். ஒன்று பாபா வழி, அதாவது ஆதமின் வழி, கரடுமுரடானது. மற்றது மாமா வழி, அதாவது ஹவ்வாவின் வழி, இலேசானது. மாமா வழியால் ஏறினவர் யாத்திரை செய்தவராகவே கணக்கில் வரமாட்டாராம். இதைக் கேட்டதும் எங்கள் வகுப்பில் எழுந்த கூச்சல் வட்ஸ்அப்பில் இரண்டு நாள் ஓடியது. இலேசான வழிக்குப் பெண்ணின் பெயரை வைத்தவர் ஒருநாளாவது வீட்டுவேலை செய்து பார்த்திருக்கவேண்டும்.

இனி ஆரோக்கியத்துக்கு வருவோம். 2024 செப்ரெம்பரில் பெயர் கொடுத்தவர்கள் பதினான்கு பேர். எல்லோருக்கும் ஒரே நிபந்தனை: குருதி அமுக்கம், குருதிச் சீனி, ஈமோகுளோபின் மூன்றையும் பார்த்துவிட்டு வரவேண்டும். நெஞ்சுநோ, மூச்சிளைப்பு, தொய்வு உள்ளவர்கள் தங்கள் வைத்தியரிடம் கேட்டுவிட்டு வரவேண்டும். பயணத்துக்காகப் பார்க்கச் சொன்ன இந்தச் சோதனையை எங்களில் பாதிப்பேர் கடைசிப் பிள்ளைப்பேற்றுக்குப் பின் செய்திருக்கவில்லை. பிள்ளையின் தடுப்பூசி அட்டையைப் பவுண் மாதிரிப் பத்திரப்படுத்துவோம். மாமியாரின் குளிசைக்கு மணி பார்ப்போம். எங்கள் அமுக்கம் எவ்வளவு என்று கேட்டால் தெரியாது.

முடிவுகள் வந்தபோது சிரிப்புக் குறைந்தது. மூன்று பேருக்கு அமுக்கம் 140க்கு 90ஐத் தாண்டியிருந்தது. அதில் இருவருக்கு அன்றுதான் தெரியும். ஒருவருக்கு நீரிழிவு தொடங்கியிருந்தது. இன்னொருவருக்கு ஈமோகுளோபின் 8.4. பெண்ணுக்கு 12க்குக் கீழே போனாலே குருதிச்சோகை என்கிறோம். இரண்டு வருடமாக மாதவிடாய் அளவுக்கு மீறிப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. "இந்த வயதில் எல்லோருக்கும் அப்படித்தானே" என்று அவருக்குப் பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். படியேற இளைப்பது வேலைக் களைப்பு என்று தானும் நினைத்துவிட்டார். ஸ்கானில் கருப்பையில் நார்க்கட்டி. சிகிச்சையும் இரும்புச்சத்துமாக நாலு மாதம் போக, ஜனவரியில் ஈமோகுளோபின் 11.6. மலைக்கு வரலாம் என்று சொன்னபோது அவர் சொன்னது: "மலை கிடக்கட்டும், வீட்டு மாடியில் உடுப்புக் காயப்போட இளைக்காமல் ஏறுகிறேன், அது போதும்."

அக்காமாரே, தங்கைமாரே, இந்த உரையில் ஒரு விடயத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோவதானால் இதைக் கொண்டுபோங்கள். மாதவிடாய் நிற்கப்போகும் வயதில் ஒழுங்கு மாறுவது இயல்பு. ஆனால் மணிக்கொரு துணி மாற்றவேண்டியிருப்பதும், கட்டிகட்டியாகப் போவதும், ஏழு நாளைத் தாண்டுவதும், ஒரு வருடம் நின்றபின் மீண்டும் வருவதும் வயதுக் கோளாறு என்று விட்டுவிடக் கூடியவை அல்ல. வைத்தியசாலையில் நாங்கள் அன்றாடம் காண்பது, ஈமோகுளோபின் 6க்கு இறங்கி மயங்கி விழுந்தபின் பிள்ளைகள் தூக்கிக்கொண்டு வருவதைத்தான். வெட்கம் ஒரு காரணம். நேரமில்லை என்பது மறு காரணம். இரண்டும் எங்களுக்கும் இருந்தவைதான்.

பதினான்கு பேரில் மூவர் வரவில்லை. ஒருவருக்கு வைத்தியர் வேண்டாம் என்றார். ஒருவருக்கு விடுமுறை கிடைக்கவில்லை. மற்றவருக்கு வீட்டில் அனுமதி கிடைக்கவில்லை, நாற்பத்தைந்து வயதில். அதைப்பற்றி இங்கே அதிகம் சொல்லாமல் விடுகிறோம், அவரும் சபையில் இருக்கிறார்.

மலை இல்லாத ஊரில் எப்படிப் பயிற்சி எடுப்பது? நல்லதண்ணியிலிருந்து உச்சிவரை ஏறக்குறைய 5500 படி என்பார்கள். நம் பாடசாலையின் மூன்று மாடிக் கட்டடத்தில் 66 படி. அதிபரிடம் அனுமதி வாங்கி, சனிக்கிழமைகளில் அதில் ஏறி இறங்கினோம். கணக்குப் பார்த்தால் எண்பத்து மூன்று தடவை ஏறினால்தான் ஒரு மலை. ஒரு சனிக்கிழமையும் நாங்கள் அவ்வளவு ஏறியதில்லை. இருபத்தைந்தில் தொடங்கி நாற்பதில் நிறுத்திக்கொண்டோம். மற்ற நாட்களில் கீரிக் கடற்கரை மணலில் நடை. மன்னார்ப் பாலத்தில் எதிர்க்காற்றில் நடை; அந்தக் காற்றுக்கு எதிராக மூன்று கிலோமீற்றர் நடந்தவருக்குச் சிறு மலை ஒன்று ஏறிய பலன் கிடைக்கும். லண்டனில் இருந்தவர் சுரங்கப் புகையிரத நிலையத்தில் மின்படியை விட்டுவிட்டுக் கற்படியில் ஏறினார். ரொறொன்ரோவில் இருந்தவர் அடுக்குமாடித் தீப்படிக்கட்டில் ஏறி, காவலாளியிடம் விளக்கம் சொல்லவேண்டி வந்தது.

இறங்கிப் பழகவேண்டும் என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். ஏறும்போது வேலை செய்வது நெஞ்சும் மூச்சும். இறங்கும்போது அடி வாங்குவது முழங்கால். படி இறங்கும் ஒவ்வொரு அடியிலும் மூட்டின்மேல் உடல் நிறையின் மூன்று மடங்குக்கும் மேற்பட்ட பாரம் விழுகிறது. தொடைத்தசை நீண்டுகொண்டே சுருங்க வேண்டியிருப்பதால், மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் உண்மையான நோ வரும். கையில் ஒரு தடி இருந்தால் அந்தப் பாரத்தில் ஒரு பங்கைக் கை வாங்கிக்கொள்ளும். தடி பிடிப்பது கிழவிகளின் வேலை என்று நினைப்பவர்கள் இறங்கும்போது எங்களைப் பார்த்திருக்கவேண்டும்.

மலையேற்றப் பருவம் டிசெம்பர்ப் போயாவில் தொடங்கி வெசாக் வரை. போயாவும் வார இறுதியும் சன நெரிசல். நாங்கள் தெரிந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. மன்னாரிலிருந்து வானில் மதவாச்சி, தம்புள்ளை, மாத்தளை, கண்டி என்று போனோம். இதைவிடச் சுருக்கமான பாதைகள் இருக்கின்றன. அந்த வழியைத்தான் போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் எங்கள் வகுப்பின் சரித்திர ஆசிரியை.

காரணம் உங்களுக்குத் தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த மக்கள் நம் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைவரை நடந்தார்கள். வாந்திபேதியிலும் மலேரியாவிலும் பசியிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும் புகையிரதமும் வந்தன. பிறகு 1964 ஒப்பந்தத்தின்படி அவர்களுடைய பேரப்பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியதும் அதே தலைமன்னார்த் துறையால்தான். அந்தப் புகையிரதம் வரும் நாளில் எழுந்த அழுகையை இங்கிருக்கும் மூத்த அக்காமார் சிலர் தங்கள் காதால் கேட்டிருக்கிறார்கள். 2023இல், வந்து இருநூறு ஆண்டு ஆனதை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடந்தார்கள். ஜூலை 28இல் புறப்பட்டு ஓகஸ்ற் 12இல் போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் பதினாறு நாள் நடந்த வழியில் நாங்கள் குளிரூட்டிய வானில் எள்ளுப்பாகு சாப்பிட்டுக்கொண்டு மத்தியானத்துக்கு முன் மாத்தளையைத் தாண்டினோம். மதவாச்சிவரை பாட்டுப் போட்டிருந்தோம். அவர் பேசத் தொடங்கியபின் யாரும் பாட்டைக் கேட்கவில்லை.

அனுராதபுரத்தில் எங்களோடு ஏறிக்கொண்டவர் புத்தளத்திலிருந்து வந்த தோழி. எருக்கலம்பிட்டிப் பிள்ளை. அவரைப்பற்றிப் பிறகு சொல்கிறோம்.

நல்லதண்ணியில் இராச்சாப்பாட்டுக்கு ஒதுங்கிய கடையில், தேத்தண்ணி ஊற்றிய அம்மா எந்த ஊர் என்று கேட்டார். மன்னார் என்றதும் கேத்திலைக் கீழே வைத்துவிட்டார். "எங்க பாட்டனுக்குப் பாட்டன் கப்பல்ல வந்து எறங்குன ஊருல்ல அது? நாங்க யாரும் பார்த்ததே இல்லீங்கம்மா. கடல் எப்படி இருக்கும்?" என்றார். கைத்தொலைபேசியில் தலைமன்னார்த் துறையின் படத்தைக் காட்டினோம். நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "இவ்வளவு சமமாவா இருக்கு" என்றார். தேத்தண்ணிக்குக் காசு வாங்கவில்லை. நாங்கள் கொண்டுபோன பனங்கட்டிக் குட்டான் நாலைக் கொடுத்துவிட்டு வந்தோம். மலைக்குப் போகிறவர்கள் விரதம் என்று மூன்று நாளாக மீன் இல்லாமல் இருந்த எங்களுக்கு அந்த அம்மாவின் பருப்பும் சம்பலும் அமிர்தம்.

இரவு பத்து மணிக்கு ஏறத் தொடங்கினோம். ஏறவேண்டிய உயரம் ஏறக்குறைய ஆயிரம் மீற்றர். ஒரே ஒரு விதி வைத்திருந்தோம்: மெதுவாக நடப்பவர் முன்னால் போகவேண்டும். பொதுவாக எல்லாக் குழுக்களிலும் வேகமானவர்கள் முன்னால் போய் அடுத்த கடையில் இருந்து இளைப்பாறுவார்கள். மெதுவானவர் வந்து சேர்ந்ததும் எழுந்து நடப்பார்கள். ஆகவே இளைப்பாறல் தேவையானவருக்கு மட்டும் அது கிடைக்காது. அவர் வெட்கத்தில் ஓய்வு கேட்காமல் நடந்து, ஒரு கட்டத்தில் விழுவார். எங்களில் முழங்கால் தேய்ந்த ஆசிரியை ஒருவர். அவரை முன்னால் விட்டோம். இருபது படிக்கு ஒருமுறை அவர் நின்றால் பதினொரு பேரும் நின்றோம். மூச்சுக் கணக்கு இலேசானது: ஏறிக்கொண்டே ஒரு முழு வசனம் பேசமுடிந்தால் வேகம் சரி. ஒவ்வொரு சொல்லாகத்தான் வருகிறது என்றால் குறைக்கவேண்டும். நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் நோ, தலைச்சுற்று என்றால் அங்கேயே நின்று உதவி கேட்கவேண்டும். மலை நாளைக்கும் இருக்கும்.

சப்பானியப் பிக்குமார் கட்டிய சமாதானத் தூபிவரை வழி இலேசு. அதன்பின்தான் படிகள் நெருங்கி வருகின்றன. வழியெல்லாம் மின்விளக்கும் கடைகளும் உண்டு. இறங்கி வருகிற சிங்கள அம்மாமார் "கருணாவயி" என்று சொல்லிக்கொண்டு போனார்கள். ஏறுகிறவர்களுக்கும் இறங்குகிறவர்களுக்கும் கருணை உண்டாகட்டும் என்ற வாழ்த்து அது. இரண்டாம் மணிநேரத்தில் நாங்களும் சொல்லப் பழகிவிட்டோம். கைப்பிள்ளையோடு ஏறுகிறார்கள், எண்பது வயதுப் பாட்டியைத் தாங்கிக்கொண்டு ஏறுகிறார்கள். முதன்முறை வருகிறவர்கள் நூலை விரித்துக்கொண்டே போகிறார்கள்; படியோரம் முழுக்க வெள்ளை நூல். அதோடு பிளாஸ்ரிக் போத்தலும் முழுக்க. நாலு சமயத்துக்கும் புனிதமான மலையில் குப்பை போடுவதில் மட்டும் நாலு சமயமும் ஒற்றுமை.

நள்ளிரவு தாண்டியபின் பேச்சுக் குறைந்தது. அப்போதுதான் புத்தளத்துத் தோழி பேசத் தொடங்கினார். இருட்டில், காலடிப் படியைப் பார்த்துக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக நடக்கும்போது யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவேண்டியதில்லை. முப்பத்தைந்து வருடமாக நாங்கள் கேட்காததற்கும் அவர் சொல்லாததற்கும் அந்த இடம் தோதாக இருந்தது.

1990இல் நாங்கள் ஆண்டு ஆறு. ஜூனில் சண்டை மீண்டும் தொடங்கியபின் வகுப்புக் கலைந்தது. சிலர் மடுவுக்குப் போனோம், சிலர் வள்ளத்தில் இராமேஸ்வரம் போனோம். ஒக்டோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம் மக்கள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் சில நாட்களுக்குள் வெளியேற்றப்பட்டார்கள். நம் தீவிலிருந்தவர்கள் வள்ளங்களில் ஏற்றப்பட்டுக் கற்பிட்டியில் கரையிறங்கினார்கள். இவையெல்லாம் புத்தகங்களில் இருக்கின்றன. தோழி சொன்னது புத்தகத்தில் இல்லாதது. வள்ளத்தில் பதினொரு வயதுப் பிள்ளையாக அவர் பயந்தது கடலுக்கு அல்லவாம். பாடசாலை நூலகத்தில் எடுத்த கதைப்புத்தகம் ஒன்றைத் திருப்பிக் கொடுக்கவில்லையே என்று பயந்தாராம். அது வீட்டு அலுமாரியில் இருந்தது. வருடக்கணக்காக, அகதி முகாமின் ஓலைக் கொட்டிலில், நூலக ஆசிரியை கொப்பியும் கையுமாக வருவதாகக் கனவு கண்டிருக்கிறார். "இப்ப குற்றப்பணம் எவ்வளவு வந்திருக்கும்?" என்று கேட்டார். படியில் குந்தியிருந்து சிரித்தோம். சிரித்து முடிந்தபின் யாரும் உடனே எழும்பவில்லை.

பிறகு, முன்னால் நடந்த ஆசிரியை திரும்பாமலே சொன்னார். பாடசாலை மீண்டும் தொடங்கிய நாளில் வகுப்பில் பதினேழு பேர்தான். ஆனால் வகுப்பாசிரியை பழைய இடாப்பையே எடுத்து, முப்பத்தெட்டுப் பெயரையும் கூப்பிட்டார். போனவர்களின் பெயரை வாசித்து, சற்றுப் பொறுத்து, அடுத்த பெயருக்குப் போனார். முதல்நாள் அழுதோம். பிறகு பழகிவிட்டது. அந்த இடாப்பு முடியும்வரை ஒரு பெயரையும் அவர் வெட்டவில்லை. ஒவ்வொரு நாளும் தோழியின் பெயர் எங்கள் வகுப்பில் கூப்பிடப்பட்டது.

தோழிக்கு இது தெரியாது. எங்களில் இந்தியாவுக்குப் போன மூவருக்கும் அன்றுதான் தெரியும். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சநேரம் கழித்து அவர், "என்ர இலக்கம் இருபத்தாறு" என்றார். அந்த ஆசிரியை இன்று நம்மோடு இல்லை. அவருடைய பெயரைச் சொல்லாமல் விடுவது, தன்னைப்பற்றி மேடையில் பேசுவதை அவர் ஒருபோதும் விரும்பாததால். யாரென்று உங்களுக்குத் தெரியும்.

கடைசிப் பகுதி செங்குத்து. இரும்புக் கைபிடியைப் பிடித்து ஏறவேண்டும். இப்னு பதூதா காலத்தில் அங்கே சங்கிலிகள் இருந்தன. பத்தாவது சங்கிலிக்குக் கலிமாவின் பெயர். அந்த உயரத்தில் காற்றின் அமுக்கம் கடல்மட்டத்தில் உள்ளதன் முக்காற்பங்குக்குச் சற்றுக் கூடத்தான். உயர்மலை நோய் வருவது பெரும்பாலும் 2500 மீற்றருக்கு மேல் என்பதால் அதற்குப் பயப்படத் தேவையில்லை. இளைப்பு மட்டும் கூடும். பயப்படவேண்டியது குளிருக்கு. ஆயிரம் மீற்றருக்கு ஆறரைப் பாகை வீதம் வெப்பம் குறையும். கணக்குப்படி மன்னாரைவிட உச்சி பதினான்கு பாகைக்கு மேல் குளிர். அதோடு வியர்வையில் நனைந்த உடுப்பும் காற்றும் சேர்ந்தால் நடுக்கம் பிடித்துவிடும். மாற்றுச் சட்டை ஒன்றை உறையில் போட்டு முதுகுப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். உச்சிக்கு ஐம்பது படி முன்பே மாற்றிவிடுங்கள். உச்சியில் சப்பாத்தைக் கழற்றவேண்டும். ஆகவே தடித்த காலுறை ஒரு சோடி. நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் அதைவிடக் கவனம்: இரவு முழுக்க நடக்கும்போது சீனி இறங்கிவிடும். எங்கள் தோழிக்கு நாலு மணிக்கு அப்படித்தான் கை நடுங்கியது. ஒரு துண்டுப் பனங்கட்டியும் இனிப்புத் தேத்தண்ணியும் கொடுத்து, கால்மணிநேரம் இருத்திவிட்டு நடந்தோம். ஜீவனிப் பக்கற்றுகளும் எல்லோர் பையிலும் இருந்தன.

இப்படி நின்று நின்று போனதில், நாங்கள் உச்சியை அடைந்தது காலை ஏழு பத்துக்கு. சூரியன் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. உதயத்தைப் பார்த்துவிட்டுச் சனம் இறங்கிக்கொண்டிருந்தது. மலையின் நிழல் முக்கோணமாக மேற்கே முகில்மேல் விழுவதில் கடைசிப் பகுதியை மட்டும் கண்டோம். வைத்தியராகச் சொல்வதானால், உதயத்துக்குள் போய்ச் சேரவேண்டும் என்ற அவசரம்தான் அந்த மலையில் நெஞ்சுக்கும் முழங்காலுக்கும் முதல் எதிரி. படம் எடுக்க வெளிச்சமும் ஏழு மணிக்குத்தான் நன்றாக இருந்தது.

உச்சியில் ஒரு மணி உண்டு. எத்தனையாம் தடவை வந்தோமோ அத்தனை தடவை அடிக்கலாம். பக்கத்தில் ஒரு பெரியவர் அடிக்க, எண்ணி எண்ணி எங்களுக்கு அலுத்துவிட்டது. நாங்கள் ஆளுக்கு ஒரு தடவை அடித்தோம். ஒருவர் திருநீறு பூசினார். சிலர் செபமாலை சொன்னோம். தோழி ஓர் ஓரமாக நின்று துஆக் கேட்டார். பாதச்சுவட்டுக்கு முன்னால் வரிசையில் நின்ற சிங்களப் பிள்ளைகள் எங்களுக்கு இடம்விட்டார்கள்.

இறங்க ஐந்து மணிநேரம் எடுத்தது. அதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொரு படியும் தன் இலக்கத்தைத் தானே சொல்லியது. மூன்று நாள் யாரும் நிலத்தில் குந்தவில்லை. பதினொரு பேரும் சொந்தக் காலில் இறங்கினோம்.

திரும்பும் வழியில் எங்களோடு மன்னாருக்கு வந்த தோழி, நூலகத்துக்குப் பத்துக் கதைப்புத்தகம் வாங்கிக் கொடுத்தார். பற்றுச்சீட்டில் 'குற்றப்பணம்' என்று எழுதித் தரும்படி கேட்டார். நூலகப் பொறுப்பாசிரியை விபரம் தெரியாமல் விழித்தார்; அப்படியே எழுதிக் கொடுத்தார்.

அடுத்த பருவத்துக்கு இன்னுமொரு குழு போகிறது. வகுப்பு எதுவானாலும் வரலாம். பெயர்களை மதியச் சாப்பாட்டுக்குப் பின் மண்டப வாசலிலுள்ள மேசையில் கொடுங்கள். அதே மேசையில் இன்று மாலை நாலு மணிவரை குருதி அமுக்கமும் சீனியும் ஈமோகுளோபினும் பார்க்கிறார்கள், மலைக்கு வராதவர்களுக்கும்தான். படிப் பயிற்சி சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு, மூன்று மாடிக் கட்டடத்தில். சப்பாத்துப் போட்டு வாருங்கள், தண்ணீர்ப் போத்தல் கொண்டுவாருங்கள். முழங்கால் நோ உள்ளவர்கள் வெட்கப்படாமல் முன்வரிசைக்கு வாருங்கள்.